ஸ்போர்ட்ஸ் மங்காவை ஜப்பானிய மூலத்தில், நேர்வழியில் படிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "ஹைக்யூ என்ற வாலிபால் அனிமேயை முழுக்கப் பார்த்துவிட்டேன். ஜப்பானிய மொழித் தேர்வில் கீழிருந்து இரண்டாம் நிலையான என்4 தேறியிருக்கிறேன். இனி அதன் மங்காவை, அதாவது படக்கதையை, ஜப்பானிய மூலத்திலேயே படிக்க ஆசை. சென்னையில் இருந்துகொண்டு, திருட்டுத் தளம் பக்கம் போகாமல், எங்கே வாங்குவது? எதில் தொடங்குவது? என்4 போதுமா?"

போதும். புக்வாக்கர் ஜப்பான் என்ற மின்னூல் கடையில் ஒரு கணக்கு தொடங்கி ஹைக்யூ முதல் தொகுதியை வாங்குங்கள். புரிந்தாலும் புரியாவிட்டாலும் பத்துத் தொகுதி வரையாவது வேறு தொடருக்குத் தாவாதீர்கள். இதுதான் என் பதில். ஏன் இந்தக் கடை, ஏன் இந்தத் தொடர், ஏன் தாவக் கூடாது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "மங்கா பிளஸ் இருக்கிறதே, அதில் படிக்கலாமே" என்று பலர் சொல்வார்கள். மங்கா பிளஸ், ஹைக்யூவை வெளியிடும் ஷூயெய்ஷா பதிப்பகமே 2019 ஜனவரியில் தொடங்கிய சேவை. சட்டப்படியானது, நல்லது. ஆனால் அது வெளிநாட்டு வாசகர்களுக்காக ஏற்பட்டது. ஆங்கிலம், ஸ்பானிஷ் முதலிய மொழிகளில் கிடைக்கும், ஜப்பானிய மொழியில் கிடைக்காது. இந்தியாவில் கிடைக்கும் விஸ் நிறுவனத்தின் ஷோனென் ஜம்ப் செயலியும், கோடன்ஷாவின் கே மங்காவும் இதே வகைதான். அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம், பிறகு வேறு ஒரு வேலைக்குப் பயன்படும். மூலம் வேண்டுமென்றால் ஜப்பானியர்கள் வாங்கும் கடைக்கே போக வேண்டும்.

அந்தக் கடைகளில் நமக்கு வாகானது புக்வாக்கர். கடோகவா குழுமத்தினுடையது என்றாலும் ஷூயெய்ஷா, கோடன்ஷா, ஷோகாகுகன் என்று எல்லாப் பெரிய பதிப்பகங்களின் மங்காவும் அங்கே உண்டு. வெளிநாட்டு கிரெடிட் கார்டை ஏற்றுக்கொள்ளும், ஜப்பான் முகவரி கேட்டு வாசலிலேயே நிறுத்தாது. வாங்கியதை உலாவியிலும் படிக்கலாம், செயலியிலும் படிக்கலாம். தளம் முழுக்க ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். அதற்குத்தானே இத்தனை நாள் படித்தீர்கள்!

அமேசான் ஜப்பானின் கிண்டிலும் ஒரு வழி. ஆனால் இந்தியக் கணக்கும் ஜப்பான் கணக்கும் வெவ்வேறு, இரண்டின் நூலகங்களும் ஒன்றாகச் சேராது. ஒரே டேப்லெட்டில் மாறி மாறி உள்நுழைவது பெரும் தொல்லை. வெளிநாட்டிலிருந்து தொடர்ந்து வாங்கினால் நடுவில் இருப்பிடத்தைக் கேட்டு வாங்குவதைத் தடுப்பதும் உண்டு. அதைத் தாண்ட, இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போடு என்று யோசனை சொல்வார்கள். அந்த வழிக்குப் போகாதீர்கள். விதிமீறல் என்று கணக்கை முடக்கினால் காசு கொடுத்து வாங்கிய புத்தகம் எல்லாம் அதோடு போகும்.

கார்டு விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். 2020இல் ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை நாமாகத் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, ஒரு சிறிய வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். பணம் போகவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். யென்னில் கட்டுவதால் வங்கி தன் பங்குக்கு ஒரு சிறு சதவீதம் கூட்டி எடுக்கும்.

ஒரு தொகுதி சுமார் 500 யென். நம் பணத்தில் ஏறக்குறைய 300 ரூபாய். 45 தொகுதியையும் கணக்குப் போட்டு மலைக்காதீர்கள். உங்கள் நிலையில் முதல் தொகுதியை முடிக்க ஒரு மாதம்கூட ஆகலாம். மாதம் 300 ரூபாய் செலவுக்கு இவ்வளவு நாள் கூட வரும் படிப்பு வேறெங்கே கிடைக்கும்? தவிர, ஜப்பானிய மின்னூல் கடைகளில் தள்ளுபடியும், வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கடையின் நாணயமாகத் திருப்பித் தருவதும் அடிக்கடி நடக்கும். படமோ அனிமேயோ வெளிவரும் சமயத்தில் முதல் ஒன்றிரண்டு தொகுதிகளைக் குறிப்பிட்ட நாள் வரை இலவசமாகத் திறந்துவிடுவதும் உண்டு. இதை "கிகான் கென்தெய் முர்யோ" என்று போட்டிருப்பார்கள். எந்த நூலின் பக்கத்திலும் "தமேஷியோமி" என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் தொடக்கப் பக்கங்களைக் காசில்லாமல் படித்துப் பார்க்கலாம். வாங்கும் முன் தவறாமல் அழுத்துங்கள்.

வாங்கும்போது பதிப்பின் பெயரைப் பாருங்கள். ஒரே தொடரைப் பல வடிவில் அடுக்கியிருப்பார்கள். "புன்சத்சுபன்" என்றிருந்தால் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து விற்பது. ஒன்றின் விலை குறைவாகத் தெரியும், கூட்டினால் முழுத் தொகுதியைவிட அதிகம் வரும். "ஷின்சோபன்" என்றால் புது அட்டையோடு வந்த மறுபதிப்பு, தொகுதிப் பிரிப்பும் மாறியிருக்கலாம். கூடைப்பந்துத் தொடரான ஸ்லாம் டங்க் மூலப் பதிப்பு 31 தொகுதி, 2018இல் வந்த மறுதொகுப்பு 20 தொகுதி. பாதி அதில், பாதி இதில் என்று வாங்கினால் ஆட்டத்தின் நடுவே பக்கங்கள் காணாமல் போகும்.

ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் தொடங்க வேண்டுமா? ஷூயெய்ஷாவின் ஷோனென் ஜம்ப் பிளஸ் தளத்துக்குப் போங்கள். 2014 செப்டம்பரிலிருந்து நடக்கிறது. செயலியைத் தேடி அலைய வேண்டாம், உலாவியிலேயே திறக்கும். பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்கள் எப்போதும் இலவசம், நடந்துகொண்டிருக்கும் தொடர்களின் புதிய அத்தியாயமும் இலவசம். 2018 முதல் அங்கே வரும் போக்யாகு பேட்டரி என்ற பேஸ்பால் தொடர் நகைச்சுவை கலந்தது, விட்டுவிட்டுப் படித்தாலும் பிடிபடும். கோடன்ஷாவுக்கு மகஜின் பாக்கெட் என்று இதுபோல ஒரு தளம் உண்டு. கால்பந்துத் தொடர் புளூ லாக், பேஸ்பால் தொடர் டயமண்ட் நோ ஏ இரண்டும் கோடன்ஷாவின் வார இதழில் வந்தவை, அவற்றின் தொடக்க அத்தியாயங்களை அங்கே தேடலாம்.

காகிதப் புத்தகம்தான் வேண்டும் என்பவர்களின் மனம் எனக்குப் புரியும். ஆனால் ஜப்பானிலிருந்து சென்னைக்கு வரவழைத்தால் புத்தக விலையை அஞ்சல் செலவு தாண்டிவிடும். இறக்குமதிப் புத்தகத்துக்குச் சுங்க வரியும் உண்டு. சிங்கப்பூர் போகிறவர்கள் ஆர்ச்சர்ட் சாலை கினோகுனியாவில் ஜப்பானியப் பிரிவைப் பார்க்கலாம். ஜப்பானில் வேலை பார்க்கும் நண்பர் ஊருக்கு வருகிறார் என்றால் புக் ஆஃப் கடையில் பழைய தொகுதிகளை வாங்கிவரச் சொல்லுங்கள். 100 யென்னை ஒட்டிய விலையில் அலமாரி அலமாரியாகக் கிடக்கும்.

திருட்டுத் தளம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், மகிழ்ச்சி. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம். மங்காமுரா என்ற மாபெரும் திருட்டுத் தளம் 2018 ஏப்ரலில் மூடப்பட்டது. அதை நடத்தியவருக்கு 2021இல் ஃபுகுவோகா நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது. 2024 ஏப்ரலில் டோக்கியோ நீதிமன்றம், மூன்று பதிப்பகங்களுக்கு ஏறக்குறைய 170 கோடி யென் நஷ்டஈடு தரச் சொன்னது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே தரவிறக்குவதும் ஜப்பானில் 2021 ஜனவரி 1 முதல் சட்டவிரோதம். வாராவாரம் 19 பக்கம் வரைந்து தள்ளும் ஓவியருக்கு நாம் தரும் காசு போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதைவிட, மொழி படிப்பவருக்கு நேரடியாகத் தட்டும் காரணம் ஒன்று இருக்கிறது. சிறுவர் வார இதழ்களில் வரும் மங்காவில் சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்து ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல், ஒலியைக் காட்டும் சின்னஞ்சிறு ஹிரகனா எழுத்தில் உச்சரிப்பைப் போட்டிருப்பார்கள். இதுதான் ஃபுரிகனா. என்4 படித்தவரை மங்கா படிக்க வைப்பதே இதுதான். "ப" வரிசையில் வல்லொலிக்கு ஒரு குட்டி வட்டம், மெல்லொலிக்கு இரண்டு கோடு. பெரிய "த்சு" தனி எழுத்து, சின்ன "த்சு" அடுத்த எழுத்தை இரட்டிக்கும் குறி. ஸ்கேன் செய்து, சுருக்கி, மறுபடி சுருக்கி ஏற்றிய படத்தில் வட்டமும் கோடும் ஒன்றாகிவிடும், பெரியதும் சின்னதும் ஒன்றாகிவிடும். தப்பாகப் படித்து, தப்பான சொல்லை அகராதியில் தேடி, கிடைக்காமல் உங்கள் அறிவைச் சந்தேகிப்பீர்கள். காசு கொடுத்து வாங்கிய பதிப்பில் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு கோடாகவே தெரியும். மின்னூலிலும் பக்கம் படமாகத்தான் இருக்கும், சொல்லை நகலெடுக்க முடியாது. ஃபுரிகனாவைப் பார்த்து ஜிஷோ அகராதித் தளத்திலோ தகோபோடோ அகராதிச் செயலியிலோ தட்டினால் போதும்.

தொடரைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஃபுரிகனாதான் முதல் அளவுகோல். ஷோனென் ஜம்ப், ஷோனென் மகஜின், ஷோனென் சண்டே ஆகிய வார இதழ்களில் வந்தவை எல்லாவற்றுக்கும் முழு ஃபுரிகனா உண்டு. பெரியவர்களுக்கான இதழ்களில் வந்தவற்றில் அப்படி எதிர்பார்க்க முடியாது. பிக் காமிக் ஸ்பிரிட்ஸில் வந்த ஆவோ ஆஷி, மார்னிங்கில் வரும் ஜயன்ட் கில்லிங் இரண்டும் அருமையான கால்பந்துத் தொடர்கள். ஆனால் என்4 நிலையில் தொட்டால் ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகும். இரண்டு வருடம் கழித்து அவற்றிடம் போங்கள்.

இரண்டாவது அளவுகோல் விளையாட்டு. பேஸ்பால் ஜப்பானில் ஒன்றரை நூற்றாண்டாக வேரூன்றிய ஆட்டம், அதனால் அதற்கென்று காஞ்சியில் ஒரு தனி அகராதியே வளர்ந்திருக்கிறது. பந்து வீசுபவர் தோஷு, பிடிப்பவர் ஹோஷு, மாற்று மட்டையாளர் தைதா. தடுப்பாளர்களைக்கூட 1 முதல் 9 வரை எண்ணால் குறிப்பார்கள். 6, 4, 3 என்று மூன்று எண்ணைச் சொன்னால் பந்து யாரிடமிருந்து யாருக்குப் போய் இரண்டு பேர் அவுட் ஆனார்கள் என்று அங்கே எல்லோருக்கும் விளங்கும். நமக்கு ஆட்டமே புதிது, அதன் மேல் இந்தச் சொற்களும் சேர்ந்தால் மூச்சு முட்டும். 78 தொகுதி ஓடிய மேஜரும், இரண்டு பாகமாக 81 தொகுதி வந்த டயமண்ட் நோ ஏவும் பொக்கிஷங்கள்தான். முதல் தொடராக வேண்டாம்.

வாலிபால் அப்படியில்லை. தமிழ்நாட்டில் சாயங்காலம் வலை கட்டி ஆடாத ஊர் குறைவு, ஆட்டம் நமக்குத் தெரியும். அதன் சொற்களும் பெரும்பாலும், பிறமொழிச் சொற்களுக்கான கதகனா எழுத்தில் எழுதிய ஆங்கிலச் சொற்கள். ரிசீவ் என்பது ரெஷீபு, பிளாக் என்பது புரொக்கு, ஸ்பைக் என்பது சுபைக்கு. வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும். டோசு என்றால் மட்டும் நாணயம் சுண்டுவது என்று நினைத்துவிடாதீர்கள், செட்டர் தூக்கிக் கொடுக்கும் பந்துக்கு அங்கே அதுதான் பெயர். ஹைக்யூ 2012 முதல் 2020 வரை ஷோனென் ஜம்பில் வந்தது, 402 அத்தியாயம். நீங்கள் அனிமேயில் பார்த்த கதை என்பது பெரிய வசதி. யார் யாரிடம் எதற்குக் கத்துகிறார் என்று தெரிந்திருப்பதால், "என்ன நடக்கிறது" என்று தவிக்காமல் "இதை எப்படிச் சொல்கிறார்கள்" என்று கவனிக்க முடியும்.

இனி மொழிக்கு வருகிறேன். பாடப்புத்தகம் கற்றுத்தந்த, மரியாதைக்கான "மஸ்" ஈற்றை ஆடுகளத்தில் தேடாதீர்கள். அங்கே கட்டளைதான் ஆட்சி செய்யும்: ஹஷிரே என்றால் ஓடு, தோமெரோ என்றால் தடு, ஹிரோயே என்றால் பந்தை எடு, உதே என்றால் அடி. மாணவர்கள் மூத்தவர்களிடம் பேசும்போது "தெஸ்" தேய்ந்து "ஸ்ஸு" என்று சீறும். வணக்கம் சொல்வது சிவாஸ்ஸு, நன்றி சொல்வது அஸாஸ்ஸு. "இல்லை" என்ற "நாய்" முரட்டுப் பையன் வாயில் "நே" ஆகும். முதல் தொகுதியில் தடுமாற்றம் வருவது பெரும்பாலும் இங்கேதான், காஞ்சியில் அல்ல. இந்தப் பத்துப் பதினைந்து திரிபுகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இரண்டாம் தொகுதிக்குள் அது தேவைப்படாமல் போகும்.

இந்தத் திரிபுகளில் தமிழருக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். ஜப்பானிய வாக்கியம் நம் வாக்கியத்தின் வரிசையிலேயே போகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். துணைவினைகளும் அப்படியே பொருந்தும். யத்தே மிரு என்பது சொல்லுக்குச் சொல் "செய்து பார்". ஷிதே ஷிமத்தா என்பது "செய்துவிட்டேன்". ஷிதே ஒகு என்பது "செய்து வை". ஷிதே இரு என்பது "செய்துகொண்டிரு". பேச்சில் இவை சுருங்குவதும் நம் வழிதான். "செய்துவிட்டேன்" நம் வாயில் "செஞ்சுட்டேன்" ஆவதுபோல ஷிதே ஷிமத்தா அங்கே ஷிச்சத்தா ஆகிறது. ஷிதே இரு ஷிதெரு ஆகிறது. யாரோ சொன்னதை மேற்கோளாகச் சொல்லும் "தொ" நம் "என்று"வின் இடத்தில் அச்சாக உட்காரும். எனவே பேச்சுக் குமிழுக்குள் இருப்பதை மனசுக்குள் ஆங்கிலமாக்காமல் தமிழாக்கிப் பாருங்கள், பேச்சுத் தமிழாக்கினால் இன்னும் நல்லது. ஒரு பாத்திரம் "தவறவிட்டுட்டேனே" என்று நொந்துகொள்ளும் வாக்கியத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு விட்டுவிடும் அந்த வருத்தம் தமிழில் தானாக வந்து சேரும்.

ஸ்போர்ட்ஸ் மங்காவை மொழிப் படிப்புக்கு நான் பரிந்துரைப்பதன் முக்கியக் காரணம், சொற்கள் திரும்பத் திரும்ப வருவது. ஒரு ஆட்டம் பல தொகுதி ஓடும். ஸ்லாம் டங்கின் கடைசி ஆட்டம், சன்னோ அணியோடு நடப்பது, 31 தொகுதியில் கடைசி ஆறு தொகுதிக்கு நீள்கிறது. அத்தனை பக்கமும் அதே பத்து வீரர்கள், அதே சொற்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு நெருக்கடியில். முதலில் அகராதி பார்த்த சொல் இருபதாவது தடவை வரும்போது கண்ணை நிறுத்தாமல் கடந்துவிடும். தொடர் மாறினால் இந்தச் சேமிப்பு கரைந்துபோகும். ஓவியரின் பேச்சு நடை, அணிகளின் பெயர், மனிதர்கள் ஒருவரை ஒருவர் அழைக்கும் விதம் எல்லாம் முதலிலிருந்து. தாவ வேண்டாம் என்று நான் அழுத்துவது இதனால்தான்.

படிக்கும் முறையைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் யோசனை: ஒரு அத்தியாயத்தை முதலில் அகராதி தொடாமல் ஒரே மூச்சில் படியுங்கள். ஆட்டத்தின் வேகத்தில் போங்கள், புரியாததைத் தாண்டுங்கள். பிறகு திரும்பி வந்து, மூன்று தடவைக்கு மேல் கண்ணில் பட்ட சொற்களை மட்டும் தேடுங்கள். ஒரு தடவை வந்த சொல் முக்கியமானதென்றால் மறுபடி வரும். பொருள் சுத்தமாகப் பிடிபடாத பக்கத்துக்கு மட்டும், முன்பு ஒதுக்கி வைத்த ஆங்கிலச் செயலியைத் திறந்து ஒத்துப் பாருங்கள். ஆங்கிலத்தை முதலில் படித்துவிட்டால் ஜப்பானியத்தைப் படிக்க மனசு ஓடாது, வரிசையை மாற்றாதீர்கள்.

குமிழுக்கு வெளியே கையெழுத்தில் கிறுக்கியிருக்கும் சின்ன வரிகளைக் கண்டு கலங்க வேண்டாம். அவற்றுக்கு ஃபுரிகனா இருக்காது, எழுத்தும் கோணலாக இருக்கும். பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவரின் முணுமுணுப்பு, சின்ன வேடிக்கை. தாண்டினாலும் கதை நிற்காது. ஐந்தாறு தொகுதி கழித்துத் திரும்பி வந்து படித்தால் பாதி புரியும். ஒலிக்குறிப்புகளை மட்டும் தாண்டாதீர்கள். தரையில் ஷூ உரசுவது க்யு, பந்து கையில் அறைவது பஷி, கூட்டம் ஒரே நேரத்தில் பொங்குவது தொ, ஒருவரும் மூச்சு விடாத அமைதி ஷீன். ஆடுகளம் காதில் கேட்பது இவற்றால்தான். அடுத்த ஜூலையிலோ டிசம்பரிலோ அடுத்த நிலையான என்3 எழுதப் போகிறீர்கள் என்றால் இந்தப் படிப்பு கேட்டல் பகுதிக்கும் வாசிப்பு வேகத்துக்கும் உதவும். இலக்கணத்துக்குப் பாடப்புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். தேர்வில் யாரும் "ஹஷிரே" என்று கத்த மாட்டார்கள்.

ஹைக்யூவில் முப்பதாம் தொகுதியை ஒட்டி இனாரிஸாக்கி அணி வரும்போது மொழி மறுபடி கடினமாகும். அவர்கள் ஹியோகோ மாகாணத்துப் பையன்கள், பேசுவது கன்சாய் வட்டார வழக்கு. "உண்மையாகவா" என்பதற்கு ஹொன்மா, "கூடாது" என்பதற்கு அகன், வினையின் எதிர்மறைக்கு "ஹென்". அங்கே வந்ததும் ஒரு வாரம் வேகம் குறையும், விட்டுவிடாதீர்கள். அந்த ஆட்டத்தைத் தாண்டியவர் அடுத்து ஸ்லாம் டங்க்கை எடுக்கலாம். பல வருடங்கள் மின்னூலாகவே விடாமல் காகிதத்தில் மட்டும் வைத்திருந்த தொடர் அது. குத்துச்சண்டைத் தொடரான ஹஜிமே நோ இப்போவும் 1989இல் தொடங்கி 2021இல்தான் மின்னூலானது. ஸ்லாம் டங்க்கின் கடைசி ஆட்டத்தின் இறுதி நொடிகள் கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் வரையப்பட்டவை. அந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டாதீர்கள்.